ஏற்றத்துக்கு ஓர் உயரம், இறக்கத்துக்கு ஓர் உயரம்

கொல்லிமலைக்குக் காரவல்லியிலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70 இருக்கின்றன என்பது நேயர்கள் அறிந்ததே. பஸ்ஸில் செல்வோர் அவற்றை எண்ணிக்கொண்டே புறப்படுவார்கள். பாதி வழியில் தலைசுற்றல் வந்து எண்ணிக்கையைக் கைவிடுவார்கள். சைக்கிளில் செல்பவனுக்கு அந்த மறதி வாய்ப்பதில்லை. ஒவ்வொரு வளைவையும் அவனுடைய தொடை எண்ணிக்கொண்டிருக்கிறது. இப்பாதையில் சைக்கிளேறி மலைக்கு வரும் வாலிபர்களைக் காண்பது இப்போது சகஜமாகிவிட்டது. வல்வில் ஓரி ஆண்ட மலையில் இரும்புக் குதிரைகள் ஏறுகின்றன என்று சொல்லலாம். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பார்கள். அக்குதிரை மலைச் சரிவில் இறங்கும்போது அவன் எவ்வாறு உட்கார்ந்திருப்பான் என்பது நமக்கு இன்று எழுந்த கேள்வி. அதற்குக் காரணம் உண்டு.

மலையேறித் திரும்பும் வாலிபர்கள் ஏறியதைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை மணி நேரமாயிற்று, எந்த வளைவில் மூச்சு முட்டியது, எங்கே தண்ணீர் குடித்தோம் என்பனவே பேச்சு. இறங்கியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விபத்து நேர்வதோ பெரும்பாலும் இறங்கும்போதே. சென்ற தை மாதத்தில் நாமும் செம்மேட்டருகே ஒரு குக்கிராமத்துக்கு இறங்கும் மண்பாதையில் சைக்கிளில் சென்றோம். ஏறுவதற்கு வாகாக ஆசனத்தை உயர்த்தி வைத்திருந்தோம். ஓரிடத்தில் பாதை திடீரென்று சரிந்தது. முன் பிரேக்கைத் தொட்டோம். பின்சக்கரம் மண்ணைவிட்டு எழுந்தது. உயர்ந்து நின்ற ஆசனம் பின்னாலிருந்து முட்டித் தள்ள, ஹேண்டில் பாருக்கு மேலாக நாம் பறக்காமல் தப்பியது ஒரு காப்பிச் செடியின் தயவால்தான். நாற்பது வயதைக் கடந்த வக்கீலுக்கு இது கௌரவமான காட்சியன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே அந்த மலைப் பையன் ஒருவன் சாதாரணச் சைக்கிளில் வந்தான். அவனுடைய ஆசனம் சட்டத்தோடு ஒட்டும்படி அடிமட்டத்தில் தணிந்திருந்தது. இவ்வளவு தணித்து வைத்தால் ஏற்றத்தில் முழங்கால் வலிக்காதா என்று கேட்டோம். "ஏத்தத்துல தள்ளிக்கிட்டுத்தானுங்க போறோம்; எறக்கத்துல காலு நெலத்துல படோணுமில்லீங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இந்த வழக்கின் இரு தரப்பும் அந்த மண்பாதையிலேயே நம் முன் வந்துவிட்டன. நாம் ஏற்றத்தை நினைத்து ஆசனத்தை உயர்த்தினோம்; இறக்கத்தில் விழுந்தோம். அப்பையன் இறக்கத்தை நினைத்துத் தணித்தான், ஏற்றத்தில் நடக்கிறான். இருவரில் புத்திசாலி யார் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இருவரும் ஒரு பாதியை இழந்தவர்களே. அந்தப் பாதியை மீட்டுத் தருவதற்காக ஏற்பட்ட ஒரு சிறு யந்திரத்தைப் பற்றியே இன்று எழுதுகிறோம். மௌண்டன் பைக் என்னும் மலைச் சைக்கிள்களில் ஆசனத்தைத் தாங்கும் தண்டு அது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரல் அசைவில் இறங்கும், ஏறும். அதை 'டிராப்பர் சீட்போஸ்ட்' என்பர். நாம் சுருக்கமாக டிராப்பர் என்போம்.

உயரத்தின் கணக்கு

ஆசனத்தை உயர்த்துவது அழகுக்காகவென்று நினைப்போர் உண்டு. அதற்குக் கணக்கு இருக்கிறது. பெடல் கீழே சென்ற நிலையில் முழங்கால் ஏறக்குறைய நீண்டு, சிறிதே மடங்கியிருக்க வேண்டும். 25 முதல் 35 பாகை வரையிலான மடிப்பு என்பது பொதுவான அளவு. ஆசனம் இதற்குத் தாழ்ந்தால் தொடைத் தசைகள் முழு நீளம் வேலை செய்வதில்லை. அதே தூரத்துக்கு அதிக மூச்சுச் செலவாகும். முழங்காற் சில்லில் பாரம் ஏறும். இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்னும் இருவர் 1967ஆம் ஆண்டில் இதைச் சோதித்து, காலின் உள்நீளத்தில் 109 சதவிகிதம் ஆசனத்துக்கும் தாழ்ந்த பெடலுக்கும் இடையே இருக்க வேண்டும் என்றார்கள். பந்தயக்காரரிடையே வழங்கும் வேறொரு கணக்கு, உள்நீளத்தை 0.883 ஆல் பெருக்கி, வருவதை க்ராங்க் அச்சிலிருந்து ஆசனத்தின் மேற்பரப்பு வரை வைக்கச் சொல்கிறது. உள்நீளம் 80 சென்டிமீட்டர் உள்ள ஒருவருக்கு முதற் கணக்கின்படி 87.2, அதில் 17 சென்டிமீட்டர் க்ராங்கைக் கழித்தால் 70.2. இரண்டாவது கணக்கின்படி 70.6. வெவ்வேறு வழியில் வந்த இரு சாட்சிகள் அரை சென்டிமீட்டருக்குள் ஒத்துப் பேசுவதைக் கோர்ட்டில் நாம் அடிக்கடி கண்டதில்லை.

ஆகையால் ஏற்றத்தில் உயர்ந்த ஆசனம் அவசியம். 70 வளைவுகளைத் தாழ்ந்த ஆசனத்தில் மிதித்து ஏறுகிறவன் மறுநாள் மாடிப்படி ஏறும்போது அதன் பலனை அறிவான்.

இறக்கத்தின் கணக்கு வேறு. சைக்கிளும் சவாரி செய்பவனும் சேர்ந்த முழுப் பாரமும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொள்வது யந்திர சாஸ்திர வழக்கம். உதாரணமாக, அப்புள்ளி தரையிலிருந்து 115 சென்டிமீட்டர் உயரத்திலும், முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு 65 சென்டிமீட்டர் பின்னாலும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சமதரையில் இது பத்திரமான நிலை. ஐந்து அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில் சைக்கிள் நின்றால், அப்புள்ளியிலிருந்து விட்ட தூக்குநூல் முன்பக்கமாக 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; மீதி 42. அந்த 42 சென்டிமீட்டர்தான் பிரேக் பிடிப்பதற்கு நம்மிடம் உள்ள மூலதனம். அதைச் செலவழித்துவிட்டால் பின்சக்கரம் எழும். பிறகு காப்பிச் செடியே கதி.

ஆசனம் கீழே போய்விட்டால் உடலைத் தாழ்த்திப் பின்னுக்குக் கொண்டுபோக இடம் கிடைக்கிறது. புள்ளியை 20 சென்டிமீட்டர் தாழ்த்தி 20 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினோமென்றால், உயரம் 95, பின்தூரம் 85. அதே சரிவில் தூக்குநூல் நகர்வது 19 மட்டுமே, மீதி 66. உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், சக்கரம் எழாமல் பிரேக் பிடிக்கும் சக்தி கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. இத்தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஆளுக்கு ஆள் மாறும். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை விலக்க வேண்டும். ஆசனத்தை இறக்குவது தாழ்வாக உட்காருவதற்கன்று. இரு பெடல்களும் சமமட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் மடங்க, எழுந்து நின்றே இறங்க வேண்டும். ஆசனம் வழியை விட்டு விலகியிருந்தால் போதும். பழைய கைகள் சிலர் உயர்ந்த ஆசனத்துக்கும் பின்னால் உடலைத் தொங்கவிட்டு, வயிறு அதன்மேல் உராய இறங்குவார்கள். அது இறங்கும் வழிதான். ஆனால் கைகள் விறைத்து நீண்டுவிடும், முன்சக்கரத்தில் பாரம் குறைந்துவிடும், திருப்பினால் திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் திரும்பாத சைக்கிள் எங்கே செல்லும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. வளைவில் சைக்கிள் ஒரு பக்கம் சாய, உடல் நிமிர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. தொடைகளுக்கிடையே ஆசனம் முளைபோல் நின்றால் இரண்டும் தனித்தனியே அசைய முடியாது.

ஸ்பேனரிலிருந்து விரலுக்கு

இந்தத் தொல்லை மலைச் சைக்கிளோடு கூடப் பிறந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மெரின் வட்டாரத்தில், 1976ஆம் ஆண்டு முதல் சில வாலிபர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு செங்குத்தான மண்பாதையில் பந்தயம் இறங்கினார்கள். ஒரு முறை இறங்கி முடிவதற்குள் பின்சக்கர பிரேக்குக்குள் இருக்கும் கிரீஸ் கொதித்துப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அப்பாதைக்கு 'ரீபாக்', அதாவது மறு அடைப்பு, என்றே பெயராயிற்று. அக்கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் மலைக்கென்றே தனிச் சட்டம் அமைத்துச் சைக்கிள் செய்யத் தொடங்கினார். அவரே 1980களில் மற்றொருவரோடு சேர்ந்து 'ஹைட் ரைட்' என்ற ஒரு வில்லைக் கொண்டுவந்தார். ஆசனத் தண்டின் பக்கத்தில் பூட்டிய சுருள்கம்பி அது. பிடியைத் தளர்த்தி உட்கார்ந்தால் ஆசனம் இறங்கும், எழுந்தால் வில் அதைத் தூக்கும். ஆனால் பிடியைத் தளர்த்தவும் இறுக்கவும் ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுக்க வேண்டும். சாதுரியமான பொருள், சரிவின் நடுவே பயன்படுத்தத் துணிவு வேண்டிய பொருள்.

அதற்குப் பிறகு நெடுநாள், மலைச் சைக்கிள்காரர்கள் சிகரத்தில் இறங்கி நின்று, தண்டைத் தளர்த்தி ஆசனத்தைத் தணித்து, அடிவாரத்தில் மறுபடி உயர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரே ஏற்றமும் ஒரே இறக்கமும் உள்ள மலையில் இது பொறுக்கலாம். கொல்லிமலையின் மேற்பரப்போ அப்படியன்று. 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் கிராமங்கள் பரந்து கிடக்கின்றன. ஒரு கிராமத்திலிருந்து மறு கிராமத்துக்குப் போவதற்குள் பாதை பல முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் யார் நின்று ஸ்பேனரை எடுப்பார்கள்? எடுக்கமாட்டார்கள், தவறான உயரத்திலேயே ஓட்டுவார்கள். நாமும் அதைத்தான் செய்தோம்.

கையை எடுக்காமலே ஆசனத்தை அசைக்கும் தண்டுகள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வந்தன. முதலில் வந்தவற்றில் சில சுருள்வில் கொண்டவை. உட்குழாயில் துளைகள்; அத்துளையில் ஒரு முளை போய்ப் பூட்டிக்கொள்ளும்; நெம்புகோல் முளையை இழுத்தால் விடுபடும். உறுதியானவை, ஆனால் இரண்டு மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கும். 2010இல் ராக்ஷாக்ஸ் கம்பெனியார் 'ரிவெர்ப்' என்னும் எண்ணெய்த் தண்டைக் கொண்டுவந்த பிறகு, எந்த உயரத்திலும் நிற்கும் டிராப்பர் பரவலாயிற்று. இன்று நடுத்தர விலைக்கு மேற்பட்ட மலைச் சைக்கிள்களில் அது கூடவே வருகிறது.

உள்ளே நடப்பது என்ன?

வெளியே பார்த்தால் ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய். கீழ்க்குழாய் சட்டத்துக்குள் அசையாமல் நிற்கும். வழவழப்பாக மெருகிட்ட மேற்குழாய் ஆசனத்தைச் சுமந்து அதற்குள் ஏறி இறங்கும். மேற்குழாய் ஆசனத்தோடு சுழன்றுவிடாதபடி, இரண்டுக்கும் இடையே நெட்டுக்கான காடிகளும் அவற்றில் ஓடும் சிறு பித்தளைச் சாவிகளும் உண்டு. வாயில் தூசி புகாதபடி ஒரு ரப்பர் வளையம். இடது கைப்பிடியின் கீழே ஒரு சிறு நெம்புகோல். அதிலிருந்து கியர் ஒயர் போன்ற ஓர் ஒயர் சட்டத்துக்குள் நுழைந்து தண்டின் அடியைப் பிடிக்கிறது. முன்பெல்லாம் இடக்கைப் பெருவிரலுக்கு முன்பக்க கியரை மாற்றும் வேலை இருந்தது. இக்கால மலைச் சைக்கிள்களில் முன்பல் சக்கரம் ஒன்றேயானதால், அவ்விரல் வேலையற்று இருந்தது. அதற்கு இவ்வேலை கொடுத்தார்கள்.

சூட்சுமம் உள்ளிருக்கும் எண்ணெயில் இருக்கிறது. வைத்தியர் ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, வாயை விரலால் அடைத்துத் தண்டை அழுத்திப் பாருங்கள், அசையாது. திரவம் நசுங்குவதில்லை. தண்ணீருக்குப் பதில் காற்றை நிரப்பி அழுத்தினால் தண்டு சிறிது உள்ளே போகும். விட்டால் திரும்பி எழும். காற்று நசுங்கும், நசுங்கியது மீளும். டிராப்பரில் இவ்விரண்டு குணங்களும் ஒரே குழலில் வேலை செய்கின்றன. ஓர் அறையில் எண்ணெய்; அதையடுத்து, மிதக்கும் ஒரு தட்டுக்கு அப்பால், அழுத்தி அடைத்த காற்று அல்லது நைட்ரஜன் வாயு. எண்ணெயின் பாதையில் ஒரு வால்வு.

நெம்புகோலைத் தொடாதபோது வால்வு மூடியிருக்கும். எண்ணெய் எங்கும் போக முடியாது. ஆகையால் ஆசனமும் அசையாது. உட்கார்ந்தபடி நெம்புகோலை அழுத்தினால் வால்வு திறக்கிறது; உடற்பாரம் எண்ணெயை அடுத்த அறைக்குத் தள்ளுகிறது; அது மிதக்குந்தட்டைத் தள்ளி வாயுவை நசுக்குகிறது; ஆசனம் இறங்குகிறது. வேண்டிய இடத்தில் விரலை எடுத்தால் வால்வு மூடி, அங்கேயே நிற்கிறது. மறுபடி உயர வேண்டுமானால், எழுந்து நின்று நெம்புகோலை அழுத்த வேண்டும். நசுங்கியிருந்த வாயு விரிந்து எண்ணெயைத் திருப்பித் தள்ள, ஆசனம் தானே எழுந்து வருகிறது. இறங்குவது நம் பாரத்தால். ஏறுவது நாம் சேமித்து வைத்த அதே பாரத்தால். இடையில் மோட்டாரும் இல்லை, வேறு சக்தியும் இல்லை. எழும் வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நேர்மேலே நின்றுகொண்டு நெம்புகோலை அழுத்தினால், ஆசனம் முன்னறிவிப்பு நோட்டீஸ் எதுவும் கொடாமல் வந்து மோதும். முதல் நாள் யாவரும் இப்பாடத்தைப் படிக்கிறார்கள்.

நமது ஆபீஸ் நாற்காலியின் அடியில் இருப்பதும் இதற்குச் சகோதரன்தான். பக்கத்து நெம்புகோலைத் தூக்கினால் இறங்குகிறது. எழுந்துகொண்டு தூக்கினால் ஏறுகிறது. சாதாரண நாற்காலிக் குழலில் பூட்டி நிற்பதும் வாயுவே. ஆகையால் உட்காரும்போது சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கட்சிக்காரரின் கதையை இரண்டு மணி நேரம் கேட்பதற்கு அந்த நெகிழ்ச்சி இதமே. பெடலை மிதிப்பவனுக்கு அது ஆகாது. எண்ணெய்ப் பூட்டு வேண்டும்.

2019இல் அதே ராக்ஷாக்ஸ் கம்பெனியார் ஒயரே இல்லாத ரகத்தை வெளியிட்டார்கள். நெம்புகோல் ரேடியோ அலையில் சைகை அனுப்ப, தண்டிலுள்ள சிறு பாட்டரி வால்வைத் திறக்கிறது. விலையும் அதற்குத் தக்கபடிதான். பாட்டரி தீர்ந்துபோன இடத்தில் ஆசனம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். நம் அபிப்பிராயத்தில் மலைக்கு ஒயரே மேல். செம்மேட்டில் உள்ள சைக்கிள் ரிப்பேர்க்காரர் அதை மாற்றிவிடுவார்.

மண்பாதையில் பிறந்த இக்கருவி தார் ரோட்டிலும் தன் யோக்கியதையைக் காட்டியிருக்கிறது. பந்தயச் சைக்கிள்காரர்கள் இறக்கத்தில் வேகத்துக்காக ஆசனத்தைவிட்டு முன்னே சட்டத்தின் மேற்குழாயில் குந்திக்கொள்ளும் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்லொவீனியா தேசத்து மதேய் மொஹோரிச் என்பவர் அதில் பேர் போனவர். அபாயமென்று கருதி, சர்வதேசச் சைக்கிள் சங்கத்தார் 2021 ஏப்ரல் முதல் அதைத் தடுத்துவிட்டார்கள். மொஹோரிச் விதிப் புத்தகத்தோடு சண்டை போடவில்லை. இத்தாலியில் 290 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மிலான்–சான் ரேமோ பந்தயத்துக்கு, 2022 மார்ச் 19ஆம் தேதி, தம் பந்தயச் சைக்கிளில் டிராப்பரைப் பூட்டிக்கொண்டு வந்தார். விதிகளில் அதற்குத் தடை இல்லை. போஜியோ என்னும் கடைசிக் குன்றின் வளைந்த இறக்கத்தில் ஆசனத்தைத் தணித்து, கூட வந்தவர்களைப் பின்னே விட்டு, முதலாவதாக முடித்தார். சட்டத்தின் ஒரு வாசல் அடைபட்டால் திறந்திருக்கும் வாசலைத் தேடுவது எங்கள் தொழிலுக்கு மட்டும் உரிய வித்தையன்று போலும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கனத்தைப் பற்றிக் குறை சொல்வோர் உண்டு. சாதாரணத் தண்டு 250 முதல் 300 கிராம். டிராப்பர் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை வரும். ஏறக்குறைய 400 கிராம் அதிகமென்று கொண்டாலும், ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ ஏறும்போது அது அரை சதவிகிதம். காலையில் ஒரு தோசை குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும் விஷயத்துக்காக இறக்கத்தின் பத்திரத்தை விட்டுக்கொடுப்பது சரியென்று நமக்குத் தோன்றவில்லை.

அளவு தவறி வாங்குவதே பெரிய நஷ்டம். தண்டின் பருமன் சட்டத்தின் குழாய்க்குச் சரியாக இருக்க வேண்டும், 27.2, 30.9, 31.6, 34.9 மில்லிமீட்டர் என்பன வழக்கிலுள்ள அளவுகள். மெல்லிய தண்டைப் பெரிய குழாயில் உறை வைத்துப் பொருத்தலாம், மறுதலை நடவாது. அடுத்தது இறங்கும் தூரம். 100 மில்லிமீட்டரிலிருந்து 200க்கு மேலும் கிடைக்கிறது. நீளமானதே மேலென்று வாங்கிவிடக்கூடாது. முன் சொன்ன 80 சென்டிமீட்டர் காலுடையவரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு க்ராங்க் அச்சிலிருந்து ஆசனம் வரை 70.6. சட்டத்தின் ஆசனக் குழாய் 43 என்றால் மீதி 27.6. ஆசனத்தின் சொந்த உயரம் சுமார் 5 போனால் 22.6. தண்டின் தலையும் கழுத்தும் 5.5 கொள்ளும், மீதி 17. ஆகவே 150 மில்லிமீட்டர் இறங்கும் தண்டு அவருக்குப் பொருந்தும், 175 பொருந்தாது. முழுக்க உயர்த்தினால் கால் பெடலை எட்டாது. நம்மவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியரைப்போல் நெட்டையர் அல்லர். கடைக்காரர் கையிருப்பிலுள்ள பெரிய சட்டத்தைத் தலையில் கட்டினால், டிராப்பருக்கு இடமே இல்லாமற்போகும். சட்டத்துக்குள் தண்டின் அடிப்பாகம் போய் உட்கார ஆழம் இருக்கிறதா, ஒயர் நுழையத் துளை இருக்கிறதா என்பவற்றையும் வாங்குமுன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழுத்துப் பிடியைப் பலங்கொண்ட மட்டும் முடுக்குவது நம் நாட்டு வழக்கம். இதில் அது கூடாது. 5 அல்லது 6 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினால் வெளிக்குழாய் நெரிந்து உட்குழாயைப் பிடித்துக்கொள்ளும். ஆசனம் எழாமல் திணறும். யந்திரம் கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடுகிறவர்கள் முதலில் பிடியைச் சிறிது தளர்த்திப் பார்க்கட்டும். ஆசனம் தணிந்திருக்கும்போது அதைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்குவதும் தவறு. உள்ளே வெற்றிடம் உண்டாகி, வாயு தடுப்பைத் தாண்டி எண்ணெய்க்குள் புகக்கூடும். புகுந்துவிட்டால் சிரிஞ்சின் கதைதான்: எண்ணெயில் காற்று கலந்தபின் பூட்டு உறுதியாக நிற்பதில்லை, உட்காருந்தோறும் ஆசனம் மெத்தைபோல் அமுங்கும். சில ரகங்களில் காற்றை வெளியேற்றிச் சரிசெய்யலாம். மூடி முத்திரையிட்ட குழல் உள்ளவற்றில் குழலையே மாற்ற வேண்டும். மலைச் செம்மண்ணில் ஓட்டியபின் மெருகிட்ட குழாயை ஈரத்துணியால் துடைத்துவைப்பது அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாதவருக்கு அந்த மண்ணே உப்புத்தாளாகி ரப்பர் வளையத்தை அரித்துவிடும்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்று சொல்லாவிட்டால் நாம் குற்றவாளியாவோம். பிரேக் சரியில்லாத சைக்கிளுக்கு டிராப்பர் பூட்டுவது, கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போகப் புறப்பட்ட கதை. 70 வளைவுகளில் இடைவிடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். வளைவுக்கு முன் அழுத்தி, நேர்பாதையில் விட்டு, ஆறவிட்டு இறங்க வேண்டும். பிரேக் கட்டையும் டயரும் புதிதாக இருக்கட்டும்; பிறகு டிராப்பரைப் பற்றி யோசிக்கலாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை

நமக்கு மனம் உறுத்துவது விலை. நல்ல டிராப்பர் ஒன்றின் விலைக்கு நம் நாட்டில் சாதாரணச் சைக்கிள் முழுவதும் வாங்கிவிடலாம். நாம் வழியில் கண்ட பையனுக்கு அதைச் சிபாரிசு செய்ய நமக்கு வாயெழவில்லை. இங்கே விற்பவை பெரும்பாலும் தைவானில் செய்யப்பட்டு வருபவை. சீனாவுக்கு அடுத்தபடி உலகிலேயே அதிகமாகச் சைக்கிள் செய்யும் தேசம் நமது தேசம். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் வளர்ந்தது. ஆவடியில் 1955ஆம் ஆண்டு முதல் துல்லியக் குழாய்கள் செய்கிறார்கள். மோட்டார் வாகனங்களின் ஷாக் அப்சார்பருக்கு அக்குழாய்கள் போகின்றன. ஓசூரில் ஷாக் அப்சார்பரையே செய்கிறார்கள். குழாய்க்குள் குழாய், நடுவே எண்ணெய், ஒரு வால்வு, ஒரு ரப்பர் வளையம்: டிராப்பரில் இருப்பவை அனைத்தும் அந்தப் பட்டறைகளின் அன்றாட வேலையே.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. டிராப்பரின் குழாய்கள் அலுமினியக் கலப்புலோகம். அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் இந்தக் கொல்லிமலையிலேயே வெட்டப்பட்டது. 1965இல் உற்பத்தி தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டுத் தாதுவோடு இம்மலைத் தாதுவும் போயிற்று. 2008இல் அங்கே உலோகம் உருக்குவது நின்றது. மலை வெட்டுண்டதைப் பற்றிய வழக்கு வேறு. அதை இங்கே நடத்தப் புகவில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகள் இம்மலையின் மண் கீழே இறங்கிப்போயிருக்க, இம்மலையில் ஓடும் சைக்கிளின் ஒரு சாண் குழாய் கடல் கடந்து வருகிறதே என்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை.

எண்ணெயும் வாயுவும் வேண்டாம். முளையும் துளையும் சுருள்வில்லும் கொண்ட பழைய ரகத்தையாவது, இரண்டே நிலைகளில் நிற்கும்படி, சாதாரணச் சட்டத்துக்குப் பொருந்தும் பருமனில், ஏழை வாங்கும் விலையில் செய்ய முடியுமா என்பதே நம் கேள்வி. மேல்நிலை ஏற்றத்துக்கு, கீழ்நிலை இறக்கத்துக்கு. ரிப்பேர் செய்ய ஒரு ஸ்பேனரும் சிறிது கிரீஸும் போதும். கனம் கூடினால் கூடட்டும். கோயமுத்தூரிலோ அம்பத்தூரிலோ பட்டறை வைத்திருப்போர் எவரேனும் இதைச் செய்து பார்த்திருந்தால், அல்லது செய்ய முடியாதென்பதற்குக் காரணம் அறிந்திருந்தால், விவரமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் கடிதத்துக்கு இப்பக்கத்தில் இடமளிப்போம்.